மீன் ரத்தப் பரிசோதனை: முடிவு விநோதமாக வந்தால் எங்கே தேடுவது

பண்ணை மீனின் ரத்தத்தைப் பார்ப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. மீனைக் கொல்ல வேண்டியதில்லை. தீவனம் எடுப்பது குறைவதற்கு முன்பே சில கோளாறுகள் தெரிந்துவிடும். தொல்லையும் உண்டு. மனித ரத்தத்துக்குப் பழகிய கையும் கருவியும் மீன் ரத்தத்தில் சறுக்கும் இடங்கள் ஏராளம். தாளில் வரும் விநோதமான எண்களில் பல, மீனின் நோயைச் சொல்வதே இல்லை. மீனை எப்படிப் பிடித்தீர்கள், ஊசியை எப்படிப் போட்டீர்கள், எந்தக் குழாயில் ஊற்றினீர்கள் என்பதைத்தான் சொல்கின்றன.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் கை, அப்புறம் குழாய், அப்புறம் கருவி, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் நோய். அவசரப்பட்டு இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஒரே ஒரு எண்ணை நம்பி ஆன்டிபயாட்டிக் போடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

ஆரம்பிக்கும் முன்: ஒப்பிட ஆரோக்கியமான மீன் வேண்டும்

"இயல்பான அளவு எவ்வளவு?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. ஒரே பதில் கிடையாது. மீன் இனம், வயது, தண்ணீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, தீவனம், இனப்பெருக்கப் பருவம் எல்லாமே எண்ணை நகர்த்தும். மனித ஆய்வகங்களில் ஓர் அளவுக்கு இயல்பு எல்லை வகுக்க 120 ஆரோக்கியமான ஆட்களைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு நம்பகமான எல்லை பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு இல்லை. கட்டுரைகளில் கிடைக்கும் எண்கள் வேறு ஒரு பண்ணையின் வேறு ஒரு வெப்பநிலைக்கு உரியவை.

ஆகவே நோயுற்ற மீனை மட்டும் குத்தாதீர்கள். நோயுற்றவை எட்டுப் பத்து, அதே குளத்தில் நன்றாகத் தெரிபவை எட்டுப் பத்து, பிரச்சினை இல்லாத வேறு குளத்திலிருந்து எட்டுப் பத்து. ஒரே நாள், ஒரே கை, ஒரே வகைக் குழாய். முந்தைய நாளே தீவனத்தை நிறுத்தி 24 மணி நேரம் பட்டினி போடுங்கள். கைவலையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் சோர்ந்த மீன்தான் என்பதால், 'நல்ல' மீன்களை இழுவலை போட்டுக் கலந்து எடுப்பது மேல்.

இன்னொரு வேலை, செலவே இல்லாதது: ஒவ்வொரு குழாயிலும் மீன் எடுத்த வரிசை எண்ணை எழுதுங்கள். இது எவ்வளவு உதவும் என்று பின்னால் தெரியும்.

ஊசியில் ரத்தம் வரவில்லை, அல்லது கொஞ்சம் வந்து நின்றுவிடுகிறது

வால் பகுதியில் முள்ளெலும்புத் தொடருக்கு நேர் கீழே ஓடும் ரத்தக்குழாயில்தான் எடுக்கிறோம். மீனை மல்லாத்திப் பிடித்து, ஆசனவாய்த் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுப் பக்க நடுக்கோட்டில் ஊசியைச் செலுத்துங்கள். நுனி எலும்பைத் தொடும். தொட்டதும் மயிரிழை அளவு பின்வாங்கி, பிஸ்டனை மெல்ல இழுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான்: ரத்தம் வரவில்லையே என்று பலமாக இழுக்கிறார்கள், குழாய் உறிஞ்சப்பட்டு மூடிக்கொள்கிறது, வந்துகொண்டிருந்ததும் நின்றுவிடுகிறது. நடுக்கோட்டில் கை படியாவிட்டால் பக்கவாட்டில், பக்கக்கோட்டுக்குச் சற்றுக் கீழிருந்தும் போகலாம்.

சிறிய மீனுக்கு 23 முதல் 25 கேஜ் ஊசி, ஒரு கிலோவுக்கு மேற்பட்டதற்கு 21 கேஜ். இரண்டு முறை முயன்றும் வரவில்லையா? அந்த மீனை விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பக் குத்தினால் திசுநீர் கலந்து, கடைசியில் கிடைக்கும் ரத்தமும் கட்டிப்போகும்.

எவ்வளவு எடுக்கலாம்? எலும்பு மீன்களின் மொத்த ரத்தம் உடல் எடையில் ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதம்தான். 100 கிராம் மீனில் 3 முதல் 5 மில்லி. மீனைத் திரும்ப விடப்போகிறீர்கள் என்றால் அரை மில்லியோடு நிறுத்துவது என் பழக்கம். அதே மீனை அடுத்த வாரமே மறுபடியும் குத்தினால் ரத்தசோகை தெரியும். அது நீங்கள் உண்டாக்கிய ரத்தசோகை.

ரத்தம் குழாயில் கட்டிப்போகிறது

மீன் ரத்தம் மனித ரத்தத்தைவிட வேகமாக உறையும். மெதுவாக எடுத்தது, திசுநீரோ தோல் வழுவழுப்போ கலந்தது, உறைவு தடுப்பான் சரியாகக் கலக்காதது: காரணம் இந்த மூன்றில் ஒன்று. குத்தும் இடத்தைத் துடைத்துக் காய வையுங்கள். ஊசிக்குழலை ஹெப்பாரின் கரைசலால் கழுவி, உபரியை வெளியே தள்ளிவிடுங்கள். ஊசியின் உள்ளே ஒட்டியிருப்பது போதும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று விட்டால் ரத்தம் நீர்த்து, இல்லாத ரத்தசோகையைக் காட்டும். குழாயில் விட்டதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது.

சிறிய கட்டி ஒன்று தெரிந்தாலும் அந்தக் குழாயை அணு எண்ணிக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம். கட்டிக்குள் த்ராம்போசைட்டுகளும் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) வெள்ளையணுக்களும் சிக்கியிருக்கும். முழுதும் உறைய விட்டு, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்து வேதிப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கிறது

பிளாஸ்மா என்பது அணுக்களை நீக்கிய ரத்தநீர். அது சிவந்தால், சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்திருக்கிறது. முதல் சந்தேகம் ஈடிடிஏ என்ற உறைவு தடுப்பான் உள்ள குழாயின்மேல். மனித ஆய்வகத்தில் ஊதா மூடிக் குழாய்தான் எப்போதும் கையில் இருக்கும். ஆனால் கெண்டை, சில கெளுத்தி வகைகள் ஆகியவற்றின் சிவப்பணுக்களை ஈடிடிஏ உடைக்கும். லித்தியம் ஹெப்பாரினுக்கு மாறுங்கள். அடுத்தது அழுத்தம்: ஊசியைக் கழற்றாமலே குழாய்க்குள் பீய்ச்சியிருப்பார்கள். அடுத்தது தண்ணீர்: ஈரமான ஊசிக்குழல், ஈரமான மீன். நன்னீர் ஒரு துளி போதும், சிவப்பணு ஊதி வெடிக்க. அடுத்தது பனிக்கட்டி: குழாய் நேரடியாக ஐஸில் பட்டு உறைந்திருக்கும். நடுவில் ஒரு துணியோ தாளோ வையுங்கள்.

பிளாஸ்மா சிவந்த குழாயின் பொட்டாசியம் எண்ணையும் எல்டிஎச், ஏஎஸ்டி என்ற நொதிகளின் எண்களையும் நம்பாதீர்கள். மூன்றும் சிவப்பணுவுக்குள் நிறைய இருப்பவை.

கையும் குழாயும் சரி, நல்ல மீன்களின் பிளாஸ்மா தெளிவாக இருக்கிறது, நோயுற்ற மீன்களுடையது மட்டும் திரும்பத் திரும்பச் சிவக்கிறது என்றால் உடைவது மீனின் உடலுக்குள்ளேதான். விப்ரியோ போன்ற பாக்டீரியா நச்சு, சிவப்பணுவைத் தாக்கும் வைரஸ், குளோரமைன் கலந்த குழாய்த்தண்ணீர் ஆகியவை அப்போது பட்டியலுக்கு வரும்.

எல்லா நிறமும் உடைவல்ல. சால்மன் வகைகளின் பிளாஸ்மா தீவன நிறமியால் ஆரஞ்சு சாயலில் இருக்கலாம். பால்போல் கலங்கியிருந்தால் அது கொழுப்பு. யாரோ காலையில் தீவனம் போட்டிருக்கிறார்கள்.

ரத்தம் சாக்லேட் பழுப்பாக இருக்கிறது

ஆய்வகமே தேவையில்லாத, கண்ணாலேயே பிடித்துவிடக்கூடிய கோளாறு இது. அதனால்தான் இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

மீன் மேற்பரப்பில் வாய் பிளந்து காற்றுக்குத் தவிக்கிறது. ஆக்சிஜன் மீட்டரோ லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று காட்டுகிறது. மீட்டர் பழுது என்று நினைப்பதற்கு முன் ஒரு மீனின் ரத்தத்தை எடுத்து வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிரைரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. காற்றுப் பட்டதும் அது பளிச்சென்று சிவக்கும். காற்றில் ஆட்டியும் பழுப்பாகவே நின்றால் ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறியிருக்கிறது. அதில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் மீனுக்குப் பயனில்லை.

பெரும்பாலும் காரணம் நைட்ரைட். நன்னீர் மீன் உப்பை ஈடுகட்ட, செவுள் வழியாகக் குளோரைடைத் தொடர்ந்து உள்ளே இழுக்கிறது. அந்த வாசலிலேயே நைட்ரைட்டும் நுழைந்துவிடும். தண்ணீரில் குளோரைடு போதுமான அளவு இருந்தால் போட்டியில் நைட்ரைட் தோற்கும். உப்பு போடச் சொல்வதன் காரணம் இதுதான். கடல்நீரில் குளோரைடு ஏராளம் என்பதால் கடல் மீன்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நடைமுறையில் நைட்ரைட்டைப்போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு: நைட்ரைட் லிட்டருக்கு 3 மில்லிகிராம், குளோரைடு ஏற்கெனவே 10. இலக்கு 30. இன்னும் 20 வேண்டும். சாதாரண உப்பில் சுமார் 60 சதவீதம் குளோரைடு, ஆகவே உப்பு லிட்டருக்கு 33 மில்லிகிராம். அதாவது 1000 கன மீட்டர் குளத்துக்கு 33 கிலோ.

இங்கே ஒரு கண்ணி. உங்கள் சோதனைப் பெட்டி காட்டும் 3 என்பது நைட்ரைட்டா, நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜனா? நைட்ரஜனாக இருந்தால் 3.3ஆல் பெருக்க வேண்டும். உண்மையான நைட்ரைட் கிட்டத்தட்ட 10. இலக்குக் குளோரைடு 100, தேவைப்படும் உப்பு 150 கிலோ. பெட்டியின் உள்தாளில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் தேவையில் கால் பங்குகூட உப்பு போடாமல், 'உப்பு வேலை செய்யவில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

உப்பு போட்டதும் தீவனத்தைக் குறையுங்கள், காற்றூட்டலைக் கூட்டுங்கள், மீனைத் தொந்தரவு செய்யாதீர்கள். தாங்கும் சக்தி அதற்கு இப்போது கிடையாது. மீனின் சிவப்பணுவில் மெத்ஹீமோகுளோபினை மீட்கும் நொதி இருக்கிறது. நுழைவு நின்றால் ஓரிரு நாளில் நிறம் திரும்பும். அதே நொதி குழாய்க்குள்ளும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால், மெத்ஹீமோகுளோபின் சதவீதத்தை அளக்க நினைத்தால் அன்றே, உடனே அளக்க வேண்டும். மறுநாள் ஆய்வகத்தில் 'இயல்பு' என்று வந்தால் அதை நம்பி நைட்ரைட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்காதீர்கள்.

இயந்திரம் வெள்ளையணுவை லட்சக்கணக்கில் காட்டுகிறது

மீனுக்கு ரத்தப் புற்றுநோய் வரவில்லை. மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணு முட்டை வடிவம், நடுவில் உட்கருவோடு இருக்கும். சாதாரண அணு எண்ணும் இயந்திரம் சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு மீதி இருப்பதை வெள்ளையணு என்று எண்ணுகிறது. மீனில் மீதி இருப்பவை சிவப்பணுக்களின் உட்கருக்கள். ஆக அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அறிக்கையில் அச்சாகி, முத்திரையோடு வந்தாலும்தான்.

நாட்–ஹெரிக் கரைசலில் 200 மடங்கு நீர்த்து, நியூபாவர் அறையில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) நுண்ணோக்கி வழியே கையால் எண்ணுவதே வழி. சிவப்பணு மைக்ரோலிட்டருக்கு 10 முதல் 30 லட்சம் என்ற அளவில் வரும். மனிதனில் 40 முதல் 60 லட்சம். ஆய்வகம் 'சிவப்பணு குறைவு' என்று சிவப்பு மையில் வட்டமிட்டால் மனித அளவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஹீமோகுளோபினிலும் இதே தொல்லை. ஹீமோகுளோபினை அளக்கப் பயன்படும் டிராப்கின் கரைசலில் சிவப்பணு உடைந்ததும் உட்கருக்கள் மிதந்து கலங்கலை உண்டாக்கி, எண்ணை ஏற்றிவிடும். சுழற்றிப் படியவைத்து, மேலே உள்ள தெளிந்ததை மட்டும் அளங்கள். கையடக்க ஹீமோகுளோபின் மீட்டர்களும் மீனில் அதிகமாகவே காட்டும். ஒரே மீட்டரை வைத்து மீனுக்கு மீன் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

ஸ்லைடு நீலமாகப் படிகிறது, அணுக்கள் நசுங்கியிருக்கின்றன

நீலப் பின்னணி ஹெப்பாரினால் வருவது. ஊசி நுனியிலிருந்து முதல் சொட்டை ஹெப்பாரின் அதிகம் கலக்குமுன் ஸ்லைடில் இழுத்துவிடுங்கள். காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றுங்கள். நசுங்கல் அழுத்தத்தால் வருவது. லிம்போசைட்டையும் (வெள்ளையணுவில் ஒரு வகை) த்ராம்போசைட்டையும் குழப்பிக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் நேரும்; ஒரே ஆள் எல்லா ஸ்லைடையும் படித்தால் குழப்பமாவது ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொரு வகை வெள்ளையணுவான நியூட்ரோஃபில் கூடி லிம்போசைட் குறைந்திருந்தால் உடனே தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். வெறும் மனஅழுத்தமும் இதையே செய்யும்.

பி.சி.வி. குறைந்திருக்கிறது

ரத்தத்தில் அணுக்கள் பிடித்திருக்கும் பங்குதான் பி.சி.வி. நுண்குழாயில் நிரப்பி நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்றில் ஐந்து நிமிடம் சுழற்றினால் போதும். பண்ணையிலேயே செய்யக்கூடிய, காசுக்கு அதிகப் பயன் தரும் பரிசோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பல வளர்ப்பு மீன்களில் 25 முதல் 45 சதவீதம் வரை வரும். 20க்குக் கீழே என்றால் விசாரிக்க வேண்டும். 10க்குக் கீழே என்றால் அவசரம்.

முதலில் நீர்த்தல். பி.சி.வி.யோடு பிளாஸ்மா புரதமும் அதே விகிதத்தில் குறைந்து, மீன் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தால் ஹெப்பாரின் அதிகம் அல்லது தண்ணீர் கலப்பு. செவுளைத் திறந்து பாருங்கள். உண்மையான ரத்தசோகையில் செவுள் வெளிறியிருக்கும்.

உண்மைதான் என்று உறுதியானால் ஸ்லைடுக்குப் போங்கள். உருண்டையான, நீலம் கலந்த இளம் சிவப்பணுக்கள் நிறையத் தெரிகின்றனவா? தெரிந்தால், உடல் புதிய அணுக்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ரத்தம் எங்கோ போகிறது. அட்டை, கடல் பேன், செவுள் ஒட்டுண்ணி, புண், உள் ரத்தப்போக்கு, அல்லது உடலுக்குள்ளேயே அணு உடைவது. இளம் அணுக்களே இல்லையென்றால் உற்பத்தி நின்றிருக்கிறது. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை, சிறுநீரகத்தின் முன்பகுதியில்தான் ஊறுகிறது. ஆகவே அந்த இடத்தைத் தாக்கும் நாள்பட்ட தொற்று, அல்லது தீவனத்தில் ஃபோலிக் அமிலம், இரும்பு, வைட்டமின் ஈ போன்றவற்றின் குறை. பல குளங்களில் ஒரே சமயத்தில், மெல்ல மெல்லக் குறைந்தால் நான் தீவன மூட்டையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பழைய இருப்பு, நாற்றம், ஈரம். ஒரே குளத்தில் திடீரென்று என்றால் தொற்று அல்லது நச்சு.

அட்லாண்டிக் சால்மனில் 10க்குக் கீழே போனால் ஐஎஸ்ஏ எனப்படும் தொற்று ரத்தசோகையை நினைக்காமல் இருக்க முடியாது. 1984இல் நார்வேயில் முதலில் கண்டறியப்பட்டு, 2007இல் சிலியின் சால்மன் தொழிலைப் புரட்டிப்போட்ட வைரஸ் நோய் அது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ளது. சந்தேகம் வந்தாலே அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். பி.சி.வி.யை வைத்து இதை உறுதி செய்ய முடியாது, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். மீனை நகர்த்துவதை மட்டும் அன்றே நிறுத்திவிடுங்கள்.

பி.சி.வி. கூடியிருக்கிறது

சந்தோஷப்பட வேண்டாம். பெரும்பாலும் இது வலையில் துள்ளியதன் பலன். அட்ரினலின் வகை ஹார்மோன் பாய்ந்ததும் இரண்டு நடக்கின்றன: மண்ணீரல் சுருங்கிச் சேமித்து வைத்த சிவப்பணுவை வெளியே தள்ளுகிறது, சிவப்பணுவே தண்ணீரை இழுத்து ஊதுகிறது. எது நடந்தது என்று ஹீமோகுளோபின் சொல்லும். ஹீமோகுளோபினைப் பி.சி.வி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்குக் கிராமில்) 7.5, பி.சி.வி. 30 என்றால் விடை 25. துள்ளிய மீனில் 7.6ம் 38ம் வந்தால் விடை 20: அணு கூடவில்லை, ஊதியிருக்கிறது. 9.5ம் 38ம் வந்தால் மீண்டும் 25: அணுக்களே கூடியிருக்கின்றன, மண்ணீரல் வேலை. வாரக்கணக்காக ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் இருந்தாலும் இப்படி வரும். ஆகவே விடியற்காலை ஆக்சிஜன் அளவை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். புரதமும் சேர்ந்து ஏறியிருந்தால் உடல் நீரை இழந்திருக்கிறது. கடல்நீரில் செவுள் கெட்ட மீன் அப்படித்தான்.

சர்க்கரையும் கார்டிசாலும் எகிறியிருக்கின்றன

இங்கேதான் வரிசை எண் கைகொடுக்கும். முதல் மீனில் குறைவு, பத்தாவது மீனில் அதிகம் என்று படிப்படியாக ஏறினால் நீங்கள் அளந்தது பண்ணையின் நிலைமையை அல்ல, உங்கள் வலையை. எல்லா மீனிலும், முதல் மீன் உட்பட, உயர்ந்திருந்தால்தான் அது செய்தி.

மனஅழுத்த ஹார்மோனான கார்டிசால் சில நிமிடங்களில் ஏறத் தொடங்கிவிடும். ஓய்வுநிலை அளவு வேண்டுமென்றால் வலை தண்ணீரில் பட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் கையில் இருக்க வேண்டும். முடியாதென்றால் கார்டிசாலை விட்டுவிட்டு வேறு எதையாவது அளங்கள். சர்க்கரை சற்று மெதுவாக ஏறும், நெடுநேரம் நிற்கும். துள்ளலின் கணக்கு, தசை உழைப்பில் சேரும் லாக்டேட்டில் தெரியும்.

மயக்க மருந்தும் குற்றவாளியாகலாம். எம்.எஸ்.222 அமிலத்தன்மை கொண்டது, மென்னீரில் பி.எச். சட்டென்று விழும். சமையல் சோடா சேர்த்து நடுநிலைப்படுத்தாமல் போட்டால் மயக்கமே ஒரு அதிர்ச்சி. கிராம்பு எண்ணெயானாலும் சரி, அளவையும் நேரத்தையும் எல்லா மீனுக்கும் ஒன்றாக வையுங்கள். விற்கப்போகும் மீன் என்றால் மருந்துக்குரிய காத்திருப்புக் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த் தொல்லையும் உண்டு: சர்க்கரை ஏறியிருக்க வேண்டிய மீனில் குறைவாக வருகிறது. உட்கரு உள்ள சிவப்பணு குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். எடுத்ததும் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். மனிதருக்கான விரல்நுனி சர்க்கரை மீட்டர் மீனில் ஆய்வக எண்ணைவிடக் குறைத்துக் காட்டும் போக்கு உண்டு. ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டிசால் குறைவாக வந்தால் மீன் நிம்மதியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நாள்பட்ட தொல்லையில் கார்டிசாலைச் சுரக்கவைக்கும் ஏற்பாடே தளர்ந்து, சுரக்கும் திறன் மங்கிவிடுவதுண்டு. சந்தேகமிருந்தால் சில மீன்களை வேண்டுமென்றே ஒரு நிமிடம் வலையில் தூக்கி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். நல்ல மீனில் தெளிவாக ஏறும்.

கால்சியம் பூஜ்யம், பொட்டாசியம் உச்சம்

ஈடிடிஏ குழாயில் வேதிப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். வேறு விளக்கம் தேட வேண்டாம். புதிய மீன், ஹெப்பாரின் குழாய்.

கால்சியமும் புரதமும் இருமடங்கு

வயிற்றைத் திறந்து பாருங்கள், அல்லது இனப்பெருக்கப் பருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை உருவாகும் பெண் மீனின் கல்லீரல் மஞ்சள்கரு முன்னோடிப் புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அது கால்சியத்தைச் சுமந்து போகிறது. நோயல்ல. ஆண், பெண் எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் சராசரி எதையும் சொல்லாது.

புரதம் மட்டும் குறைந்திருந்தால் பட்டினி, குடல் ஒட்டுண்ணி, சிறுநீரகக் கோளாறு என்ற வரிசையில் பாருங்கள். ஒளிவிலகல்மானியில் அளப்பவர்கள் கவனிக்க: பிளாஸ்மா பால்போல் இருந்தால் கொழுப்பும் புரதமாகப் படிக்கப்படும்.

கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன

'கல்லீரல் நொதி' என்ற பெயரே மீனில் தவறான வழி காட்டும். ஏஎஸ்டி தசையிலும் நிறைய இருக்கிறது, எல்டிஎச் எங்கும் இருக்கிறது. வால் தசையைத் துளைத்துக்கொண்டுதான் ஊசி போகிறது. இரண்டு முறை குத்தினால் தசைச்சாறு ரத்தத்தில் கலக்கும். அதனால் சிகே எனப்படும் தசை நொதியையும் சேர்த்தே கேளுங்கள். சிகேயும் ஏஎஸ்டியும் சேர்ந்து ஏறினால் தசை: குத்தல், துள்ளல், அல்லது உண்மையான தசை நோய். சால்மனில் கணைய நோய் வைரஸ் சிகேயைப் பெரிதாக ஏற்றும். சிகே அமைதியாக இருந்து ஏஎஸ்டி மட்டும் ஏறினால் கல்லீரலை நினைக்கலாம். அப்போதும் கெட்டுப்போன தீவனக் கொழுப்பு, பூஞ்சை நச்சு, தொற்று எது என்பதை நொதி சொல்லாது. கல்லீரல் துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

சோடியமும் குளோரைடும் விலகுகின்றன

நன்னீர் மீனின் பிளாஸ்மாவில் சோடியம் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல், குளோரைடு சுமார் 120. நன்னீரில் குறைந்தால் உப்பு கசிகிறது, கடலில் கூடினால் உப்பு ஊடுருவுகிறது; இரண்டுமே செவுளும் தோலும் தடுப்பாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். செவுள் ஒட்டுண்ணி, புண், அமில நீர், அலுமினியம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனால் மாதிரியில் கலந்த நன்னீர்த் துளி எண்ணைக் குறைக்கும், கடல்நீர்த் துளி ஏற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். நோய் காட்டும் திசையும் அதேதான் என்பது துரதிர்ஷ்டம். சோடியம் ஹெப்பாரினும் எண்ணைக் கெடுக்கும். சால்மன் குஞ்சுகள் கடலுக்குத் தயாரா என்று பார்க்க 24 மணி நேரம் கடல்நீரில் விட்டுப் பிளாஸ்மா உப்பை அளப்பார்கள். பயனுள்ள சோதனை, துடைத்து உலர்த்திய மீனில் செய்தால்.

எல்லாம் இயல்பு, ஆனாலும் மீன் சாகிறது

இதற்கு மூன்று காரணங்கள் சாத்தியம். நீங்கள் உயிரோடிருப்பவற்றைக் குத்தியிருக்கிறீர்கள். நோயுற்றவை ஏற்கெனவே செத்துவிட்டன. விடியற்காலை நின்று போன காற்றூட்டி, சட்டென்று ஏறிய அம்மோனியா போன்ற விரைவான சாவு ரத்தத்தில் தடம் பதிக்க நேரம் கொடுப்பதில்லை; பகலில் எடுத்த மாதிரியில் எதுவும் இருக்காது. அல்லது கோளாறு ரத்தத்தைத் தொடாத இடத்தில் இருக்கிறது.

அப்போது ஊசியை வைத்துவிட்டு, சாகும் தறுவாயில் உள்ள மீன் இரண்டு மூன்றை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து மிதந்தவை வேண்டாம், சில மணி நேரத்திலேயே திசு அழுகிவிடும். செவுள் இழையை அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து பாக்டீரியா வளர்ப்புக்கு எடுக்கட்டும். மீதியை ஃபார்மலினில் போடட்டும். நீங்கள் பிரித்து வைத்த பிளாஸ்மாவைத் தூக்கி எறியாமல், மீன் வரிசை எண்ணோடு உறைபெட்டியில் வையுங்கள். திசு முடிவு வந்த பிறகு எதை அளக்க வேண்டும் என்று தெரிந்து, அதிலேயே அளக்கலாம்.